வேறொரு ஷாலினியின் தட்டு

கிர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். பல் கூசும், காதுக்குள் கட்டெறும்பு ஊரும். திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வாசலைத் தாண்டுகிற யாருக்கும் அது தெரிந்த சத்தம்தான். எவர்சில்வரில் பேர் வெட்டுகிறார்கள்.

அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் என் கணவர் ஜெபராஜ் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தட்டு. விளிம்பு உயர்ந்த, நடுவில் நிலா மாதிரி பளபளக்கிற தட்டு. நாலு கடை ஏறி இறங்கி, தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, ஒவ்வொன்றிலும் தன் முகத்தைப் பார்த்துத் திருப்தியில்லாமல் கீழே வைத்து, கடைசியில் தேர்ந்தெடுத்த தட்டு.

பேர் வெட்டுகிறவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "என்ன பேரு போடணும் அண்ணாச்சி?"

"ஷாலினி."

"இனிசியல்?"

இவர் மூச்சை இழுத்துக்கொண்டார். முப்பது பேர் உள்ள வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்ல எழுந்த பையனைப்போல நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஜெ. ஜெ. ஷாலினி. கொம்பு நல்லா வளைஞ்சு வரணும், பாத்துக்கிடும்."

"மகளுக்குக் கல்யாணமா?"

"இல்லவே. பிள்ளை இனிமேத்தான் வீட்டுக்கு வரப் போவுது."

"ஓ, பிரசவமா? நல்லபடியா நடக்கட்டும். என்ன பிள்ளைன்னு அதுக்குள்ள தெரிஞ்சு போச்சா?"

"தெரியும். ஒன்பது வயசு."

எந்திரம் நின்றது. அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் தலையில் நரைத்ததைப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

புள்ளி புள்ளியாக எழுத்து விழுந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரொம்ப அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். பெரிய தப்பு ஒன்று இவ்வளவு அழகாகச் செதுக்கப்படுவதை நின்று ரசித்திருக்கிறேன்.

பேச்சியம்மாள் யார்?

எங்கள் பக்கத்தில் பேர் போடாத பாத்திரம் பந்திக்குப் போனால் வீடு திரும்பாது. கல்யாணம், கோயில் கொடை, சபை விருந்து என்று ஊருக்குள் பாத்திரங்கள் அலைந்துகொண்டே இருக்கும். பேர் போட்டிருந்தாலும் சில வழி தவறும்.

எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் இருக்கிறது. 'கோ. பேச்சியம்மாள்' என்று எழுதியிருக்கும். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒரு பேச்சியம்மாள் கிடையாது. எந்தப் பந்தியிலிருந்து எங்களோடு வந்தாரோ தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து காலைக் காப்பி எனக்கு அவர் உபயம்தான். அம்பாசமுத்திரத்திலோ பத்தமடையிலோ எங்கேயோ ஒரு பேச்சியம்மாள், 'இந்த ஜெபராஜ் யாருட்டி?' என்று கேட்டபடி எங்கள் டம்ளரில் மோர் குடித்துக்கொண்டிருக்கலாம். குடிக்கட்டும். குளிர்ச்சியாக இருக்கட்டும்.

எங்கள் இருவருக்கும் பிள்ளை இல்லை. ஊர் அதை விசாரித்து, ஆலோசனை சொல்லி, ஜெபம் பண்ணி, அலுத்து, அடுத்த வீட்டுக்குப் போய்ப் பல காலமாகிறது. நாங்களும் அலமாரியில் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், கூடவே பேச்சியம்மாள் என்று வாழப் பழகியிருந்தோம்.

அப்போதுதான் ஷாலினியைப் பற்றிய சேதி வந்தது.

தாத்தாவின் தம்பி

இவருடைய தாத்தாவுக்கு ஒரு தம்பி. இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகக் கப்பலேறியவர். திரும்பவில்லை. அந்தக் கிளையின் கடைசிக் கொழுந்துகளில் ஒருவர் மனோகரன். முறைக்கு இவருக்குத் தம்பி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தேயிலைப் பொட்டலம் அனுப்புவார். ஒரு தடவை இவர் பதிலுக்குத் தன் போட்டோவை அனுப்பினார். யாரும் கேட்கவில்லை; அனுப்பினார்.

ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்தது. மனோகரனும் அவர் மனைவியும் இருந்த வீடு அதற்குள் போய்விட்டது. மகள் ஷாலினி அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஹட்டன் பக்கம் சபை நடத்துகிற சின்ன இல்லம் ஒன்றில் அவளைச் சேர்த்திருந்தார்கள். நாங்கள் அவளைத் தத்தெடுக்க விண்ணப்பித்தோம். இங்கே ஓர் அலுவலகம், அங்கே ஓர் அலுவலகம். இரண்டுக்கும் நடுவே கடல். கடலைவிட ஆழமாக மௌனம். விண்ணப்பம் போட்டவர்கள் பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம், பழகலாம் என்று சொன்னார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். கடைசியில் அந்த ஊர் நீதிபதி பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்: 'இவர்களோடு போக உனக்கு விருப்பமா?' மற்றதெல்லாம் அவள் தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறாள் என்பதில் இருக்கிறது.

"ஒன்பது வயசுப் பிள்ளைட்ட நேர்முகத் தேர்வு," என்றார் இவர். "எனக்கு வாத்தியார் வேலை குடுத்தப்பக்கூட இப்படி ஒண்ணு வைக்கல பிள்ள."

என் கணவர் கணக்கு வாத்தியார். ஆகையால் பிள்ளைக்கு முதல் பரிசாக ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கினார். வேண்டாம், பொம்மை வாங்குங்கள் என்றேன். "பொம்மைய வச்சு வட்டம் போட முடியுமா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாத கேள்விகளைக் கேட்பதில் வல்லவர். தனக்குச் சமமான ஒருத்தியைச் சந்திக்கப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

முடி எங்கே?

மதுரையில் விமானம் ஏறினால், சீட்டில் ஒழுங்காக உட்கார்வதற்குள் கொழும்பு. எங்களுக்கு மதுரைக்குப் போய்ச் சேரத்தான் நேரமானது. கொழும்பிலிருந்து ரயில் மலையேறியது. ஏற ஏறக் காற்றுக்கு உடம்பு வந்தது. ஜன்னலில் பச்சை, அதற்கு மேல் பச்சை, எல்லாவற்றுக்கும் மேல் துவைத்துப் பிழியாமல் காயப்போட்ட மேகம். நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஒரு பொட்டுத் தூசி படாமல், முழுவழியும் காவல் காத்தார்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற ரெஜினா அக்கா எங்களை வரவேற்றுத் தேத்தண்ணி கொடுத்தார். கதவோரம் ஒரு பின்னல் தெரிந்தது. பிறகு ஒரு கண். பிறகு ஷாலினி.

இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் இந்தியாப் பெரியப்பாவா?"

"ஆமாம்மா."

"போட்டோவுல முடி இருந்திச்சே?"

ரெஜினா அக்கா தேத்தண்ணியைத் துப்பிவிட்டார். இவர் தலையைத் தடவிக்கொண்டு, "அது போன மாசம் வரைக்கும் இருந்துச்சு," என்றார். கலப்படமில்லாத பொய்.

தேர்வு தொடங்கியது.

"உங்க ஊர்ல மலை இருக்கா?"

"இருக்கு! பொதிகை மலை. நம்ம வீட்டு மொட்டை மாடியில நின்னா தெரியும்."

"எப்பவும் தெரியுமா?"

"மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் காலையில பாத்தா... தெரியும்."

ஷாலினி அவரை இரக்கத்தோடு பார்த்தாள். அவளுக்குப் பின்னால், ஜன்னலை முழுதாக அடைத்துக்கொண்டு, ஒரு மலை நின்றுகொண்டிருந்தது.

"ஆறு?"

இவருக்கு உயிர் வந்தது. "தாமிரபரணி! கோடையிலயும் தண்ணி ஓடும்லா. அம்பாசமுத்திரத்துல வயக்காடெல்லாம் அதுதான். நாம குளிக்கப் போலாம்."

"ஆறு எங்கயிருந்து வருது?"

"அந்த மலையில இருந்துதான்."

"அப்ப மலைதானே முக்கியம்?"

கணக்கு வாத்தியாரை ஒருத்தி மடக்கியதை நான் முதல் முதலாகப் பார்த்தேன். காசு கொடுத்து டிக்கெட் எடுத்து வந்தது வீண்போகவில்லை.

நிலைமையைச் சமாளிக்க அல்வாவை எடுத்து நீட்டினார். வாழையிலைத் துண்டில், நெய் சொட்டச் சொட்ட. ஷாலினி ஒரு விள்ளல் வாயில் போட்டாள். யோசித்தாள்.

"இது மஸ்கட்தானே?"

மஸ்கட் என்பது அங்கே கடைகளில் துண்டு போட்டு விற்கிற ஓர் இனிப்பு. அல்வாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் திருநெல்வேலிக்காரனிடம் சொல்லக் கூடாது.

இவர் என் காதருகே குனிந்தார். "ஏட்டி, இந்தப் பிள்ளை என்ன சொல்லுது கேட்டியா? வீட்டைக் கேட்டா எழுதிக் குடுத்திருவேன். இதை எப்படித் தாங்க?"

"பைய பேசுங்க. தேர்வு நடக்கு."

ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து பார்த்து, "எங்கிட்ட அடிமட்டம் இருக்கு," என்று அளவுகோலைத் தொட்டுக் காட்டிவிட்டு மூடி வைத்தாள். ஆனால் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. நான் கவனித்தேன். ஒரு மதிப்பெண்.

இது யாரு?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவர் தட்டை எடுத்தார். மந்திரவாதி தொப்பியிலிருந்து முயலை எடுக்கிற தோரணை. சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் 'ஆ' என்றன. தட்டில் கூரை தெரிந்தது, டியூப்லைட் தெரிந்தது, பத்துப் பதினைந்து முகங்கள் நெளிந்து நெளிந்து தெரிந்தன.

ஷாலினி விரலால் விளிம்பில் இருந்த எழுத்தைத் தடவித் தடவிப் படித்தாள்.

"ஜெ. ஷாலினி." நிமிர்ந்தாள். "இது யாரு?"

"நீதாம்மா!"

"நான் ம. ஷாலினி."

சோற்றில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"ம-ன்னா மனோகரன்," என்றாள், கணக்கு வாத்தியாருக்குக் கூட்டல் சொல்லிக் கொடுக்கிற பொறுமையோடு. பிறகு தட்டை மேசையில் வைத்து, ஒற்றை விரலால் மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"இது வேற ஷாலினியோடது. அவங்களுக்கே குடுங்க."

தன் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

எனக்கு அப்போது என் சமையலறை ஞாபகம் வந்தது. நான் சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களில் என் அப்பாவின் 'அ.' இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியவற்றில் 'ஜெ.' இருக்கிறது. ரேஷன் கார்டிலும் அதுதான். இடையில் அப்பா எங்கே போனார் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. குழம்புச் சட்டியும் கேட்கவில்லை. ஒன்பது வயதில் ஒருத்தி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்கிறாள்.

உப்புத்தாள்

தங்கியிருந்த அறைக்கு வந்ததும் இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நனைந்து திரும்பினார். பையிலிருந்து உப்புத்தாள் எடுத்தார். ஆமாம், மரத்தைத் தேய்க்கிற உப்புத்தாள்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"அழிக்கப் போறேன்."

சாயங்காலம் முழுக்கத் தேய்த்தார். வெளியே மழை, உள்ளே சரக் சரக். நடுவில் காப்பி கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. தட்டில் 'ஜெ' இருந்த இடம் புகை படிந்த கண்ணாடி மாதிரி மங்கியது. எழுத்து மட்டும் போகவில்லை. டவுனில் அந்த மனிதர், இவர் சொன்னபடியே கொம்பை நன்றாக வளைத்திருந்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா பிள்ள?" என்றார், தலை நிமிராமல். "அதுக்கு ஒரு சொந்தம்னு எழுத்துல இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அதுக்கிட்ட ஏற்கெனவே இருக்குங்கத நெனைக்கல."

பிறகு உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீதிபதி கேட்டா மாட்டேன்னுதான் சொல்லும், என்ன?"

நான் கவிதை எழுதுகிறவள். எந்த நேரத்துக்கும் ஒரு வாக்கியம் கையில் வைத்திருப்பேன் என்று ஊரில் பேச்சு. உப்புத்தாளில் பாதியைக் கிழித்து வாங்கி, நானும் தேய்த்தேன்.

கவராயம்

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மலை அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. இவர் தட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஷாலினியின் முன்னால், குற்றவாளி சாமானை ஒப்படைக்கிற மாதிரி வைத்தார்.

அவள் மங்கிய இடத்தைப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"ஏன் உங்க பேரைத் தேய்ச்சீங்க?"

"நீதான் அது வேண்டாம்னு..."

"நான் உங்களை அழிக்கச் சொல்லலியே. எங்க அப்பாவக் காணோம்னுதானே சொன்னேன்?"

இவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஷாலினி யோசித்தாள். "உங்க அப்பா பேரு என்ன?"

"ஐசக்."

"உங்க தட்டுல எப்படிப் போட்டிருக்கு?"

"ஐ. ஜெபராஜ்."

"நீங்க மட்டும் உங்க அப்பாவைப் போட்டிருக்கீங்கதானே?"

"...ஆமா."

"அப்புறம்?"

எழுந்து உள்ளே ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஜியாமெட்ரி பாக்ஸ். அதிலிருந்து கவராயத்தை எடுத்தாள். வட்டம் போடுகிற அதே கவராயம். பொம்மை வாங்கச் சொன்ன நான் ஓரமாக நின்றேன்.

"நல்லா பிடிச்சுக்கங்க. ஆடக் கூடாது."

இவர் இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கவராய முள்ளால் கீறத் தொடங்கினாள். கிரீச்ச்ச்! டவுன் பாத்திரக்கடை எந்திரம் அதற்கு முன்னால் தாலாட்டு. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. மரத்திலிருந்து ஒரு காக்கை எழுந்து போனது. "ஷாலினி, என்னா செய்ற?" என்று உள்ளேயிருந்து ரெஜினா அக்கா கத்தினார்.

"பேரு போடுறேன் அக்கா!"

நேர்கோடு இறங்கியது. படுத்தது. ஏறியது. வளைய மாட்டேன் என்றது. "வழுக்குது," என்றாள். "பைய, பைய," என்றார் இவர். "முள்ளைச் சாய்ச்சுப் பிடிம்மா." முழங்கால் உடைந்த ஒரு 'ம' பிறந்தது. பக்கத்தில் ஒரு புள்ளி. அதை அழுத்திக் குத்தினாள்.

முடிந்தது என்று நினைத்தோம். இல்லை. தேய்ந்துபோயிருந்த 'ஜெ' மேல் முள்ளை வைத்தாள். கொம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு புள்ளியாக மறுபடி கீறினாள்.

"ஆட வேணாம்னு சொன்னேன்தானே?"

"ஆடல," என்றார். ஆடியது.

ம. ஜெ. ஷாலினி. ஓர் எழுத்து கோணல், ஓர் எழுத்து புகைமூட்டம், மீதி மூன்றும் டவுன் கடைப் பளபளப்பு. நான் இதுவரை எழுதிய எந்த வரியும் இவ்வளவு ஆழமாக விழுந்ததில்லை.

திருப்பிக் கொடுத்தாள்

கிளம்புகிற நாள். அதற்குள் இவரும் ஷாலினியும் இல்லத்தில் இருந்த எல்லாப் பானைக்கும் விட்டம் அளந்து முடித்திருந்தார்கள். பெட்டியை எடுத்து வெளியே வைத்தோம். ஷாலினி வந்தாள். கையில் தட்டு.

இவரிடம் நீட்டினாள். "இந்தாங்க. இது எனக்கு இங்க வேணாம்."

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"இங்க நெறைய பிள்ளைங்க," என்றாள். "தட்டு மாறிப் போயிடும். உங்க வீட்டுல கொண்டுபோய் வையுங்க."

"நம்ம வீட்டுலயா?"

"ஆமா. நான் வந்து சாப்பிடுறேன். அதுவரைக்கும் வேற ஆரும் அதுல சாப்பிடக் கூடாது. நீங்களும்தான்."

அது ஒரு பிள்ளையின் பேச்சுத்தான். நீதிபதி கேட்கும்போது தலை வேறு பக்கம் ஆடலாம். அதற்குள் மழை வரலாம், மனம் மாறலாம். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இவர் அந்தத் தட்டை வாங்கிக்கொண்ட விதத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை.

கொழும்பு விமான நிலையத்தில் சோதனைக்காரர் தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகளோடது," என்றார் இவர், தமிழிலேயே. அவருக்குப் புரிந்ததோ என்னவோ, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பேர் போட ஆள்

நீதிமன்றத் தேதி இன்னும் வரவில்லை. தட்டு எங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வந்ததும் போனில் வீடியோ. "சுகமா?" என்று கேட்பதற்கு முன்னால், "தட்டைக் காட்டுங்க," என்பாள். காட்ட வேண்டும். முன்னும் பின்னும்.

போன மாதம் சாத்தான்குளத்திலிருந்து இவர் அக்கா வந்திருந்தார். நான் குளிக்கப் போன நேரம், தோசையைத் தானே எடுத்து, அலமாரியில் மேலே இருந்த அந்தத் தட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்த இவர், "எக்கா! அதுல வேண்டாம்!" என்று அலறியதில் அக்காவுக்கு விக்கல் எடுத்துவிட்டது. தோசையோடு தட்டைப் பிடுங்கினாராம். நான் வந்தபோது அக்கா வெறும் கையில் சட்னியோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிறு இவர் அதை ஷாலினியிடம் ஒப்புக்கொண்டார். அவள் யோசித்து, "ஒரு தோசைதானே, பரவாயில்ல," என்று மன்னித்தாள். கூடவே ஓர் உத்தரவு: "டம்ளரும் வாங்கி வையுங்க."

நேற்று டவுனுக்குப் போனோம். அதே கடை, அதே கிர்ர்ர்ர். இவர் ஒரு டம்ளர் எடுத்தார். பேர் வெட்டுகிறவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, கண்ணாடியை இறக்கி, எந்திரத்தைக் கையில் எடுத்தார்.

"குடுங்க அண்ணாச்சி. ஜெ. ஷாலினிதானே? கொம்பு வளைஞ்சு வரணும்."

இவர் டம்ளரைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணும் போட வேண்டாம்வே."

"ஏன், போன தடவை சரியா வரலியா?"

"வந்துச்சு, நல்லாத்தான் வந்துச்சு. இதுக்கு வேற ஆள் பேரு போடுது."

அவர் முகம் சுருங்கியது. தொழிலில் புதுப் போட்டி. "யாரு? எங்கன கடை போட்டிருக்கான்?"

"கடையெல்லாம் இல்ல," என்றார் இவர். "வீட்டுக்கே வருது."